கத்தினால் கத்தும்

"யாரும் பேசாதீங்க!" என்று பட்டாசு அக்கா கத்தியதுதான் தப்பாகப் போயிற்று.

மூலையில் நின்ற இரும்புச் சிற்பம் அதைக் கேட்டுச் சங்கிலியை இழுத்தது, சக்கரத்தைச் சுற்றியது, தட்டுகளை 'டங், டணார்' என்று மோதியது. மோதிய சத்தத்தைத் தானே கேட்டு இன்னும் பலமாக மோதியது.

டாக்டரின் மச்சான் செய்த கலைப்படைப்பு அது. பக்கத்துச் சைக்கிள் கடையில் கழித்துப்போட்ட பாகங்களை அள்ளிவந்து, மைக்கும் மோட்டாரும் பொருத்தி, எவனும் தூக்கிப் போய்விடக் கூடாதென்று சுவரோரத் தண்ணீர்க் குழாயோடு பிணைத்திருந்தான். "நாம கொடுக்கறதைத் திருப்பிக் கொடுக்கும், அதான் கலை" என்று விளக்கம் வேறு. அதை வைக்க அந்த மேதாவிக்குக் கிடைத்த இடம், காது ஆஸ்பத்திரியின் வரவேற்பறை. காது மந்தமானவர்கள் உரக்கத்தானே பேசுவார்கள்!

பட்டாசு அக்கா அங்கே காதுப் பரிசோதனை செய்பவள். அவளுக்கு நல்ல பெயர் ஒன்று உண்டு. அவள் கோபம் அதை எப்போதோ விழுங்கிவிட்டது. இன்றைக்கு ஓர் அதிகாரி வருகிறார். பரிசோதனை அறைக்குள் எவ்வளவு சத்தம் நுழைகிறது என்று மீட்டர் வைத்து அளப்பார். அளவு தாண்டினால் அறைக்குப் பூட்டு, அவள் வேலைக்கும் பூட்டு.

"பிளக்கைப் பிடுங்கிடட்டுமா டாக்டர்?"

"தொட்டுடாதே! அது சத்தத்தைக் கேட்டுக் கேட்டுப் பழகுதாம். கரண்ட் போனா பழகினதெல்லாம் போயிடுமாம். அதுக்கு ஏதாவது ஆச்சுன்னா என் வீட்டம்மா என்னை வீட்டுக்குள்ள விடமாட்டா. அப்புறம் உன் வேலைக்கு நான் பொறுப்பில்ல."

முன்னால் போனால் முட்டும், பின்னால் வந்தால் உதைக்கும் என்பது இதுதான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

'பேசாதீர்கள்' என்று அட்டையில் பெரிதாக எழுதித் தூக்கிப் பிடித்தாள். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஸ்டாப்பிங்குக்கே கேட்கும்படி அதை வாசித்தார்.

"என்ன போட்டிருக்கு?" என்றார் பக்கத்தில் இருந்த டீச்சரம்மா.

"பேசக் கூடாதாம்!"

"யாரு பேசினா?"

"நீங்கதான்!"

"நானா? நான் வாயே திறக்கலியே!"

டணார்.

காது கேட்டால் மெதுவாகப் பேசுவார்கள் என்று, மாதிரிக்கு வைத்திருந்த காது மெஷின்களை இருவருக்கும் மாட்டிவிட்டாள். அவை சரியாகப் பொருந்தாமல் 'கீ...' என்று விசிலடித்தன. விசிலைக் கேட்டதும் சிற்பத்துக்கு உற்சாகம் பிறந்து, சக்கரம் பேய் பிடித்த மாதிரி சுற்றியது.

கடைசியாக, ஒரு பழைய மெத்தையைத் தூக்கிவந்தாள். சைக்கிள் கடைக்காரரைக் கயிறோடு வரச் சைகை காட்டினாள். அவர் பின்பக்கம் குனிந்து, ஏதேதோ செய்து, மெத்தையோடு குழாயையும் சேர்த்து இறுக்கிக் கட்டினார். நிமிர்ந்தவர் என்னவோ சொல்ல வாயைத் திறந்தார்.

"மூச்!" என்று பல்லைக் கடித்தாள். "ஒரு வார்த்தை பேசினீங்க, கொன்னுடுவேன். அதுக்குக் காது இருக்கு!"

அவர் தோளைக் குலுக்கிக்கொண்டு போய்விட்டார்.

அமைதி. அவளுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

"முடிஞ்சுதா?" என்று டிரைவர் முழங்கினார்.

"உஸ்ஸ்! வாயை மூடுங்கய்யா!" என்று அவள் அவரைவிடப் பெரிதாக முழங்கினாள்.

மூட்டைக்குள்ளிருந்து 'டங்' என்றது.

"நிறுத்து!" என்றாள். 'டங் டங்.'

"மெத்தைக்குள்ள இருந்தும் உனக்குக் கேக்குதா? சனியனே! உன்னைச் செஞ்சவன் கையில புண்ணு வர!" 'டங் டங் டணார்.'

வாசலில் அதிகாரியின் கார் வந்து நின்றது. பட்டாசு அக்காவின் திரி எரிந்து முடிந்தது. பக்கத்தில் இருந்த, குளுக்கோஸ் பாட்டில் மாட்டும் இரும்பு ஸ்டாண்டைத் தூக்கினாள். மெத்தைமேலேயே ஓங்கி ஓங்கிப் போட்டாள். மைக் நசுங்கியது, மோட்டார் கழன்று ஓடியது, சக்கரம் அப்பளமாயிற்று. மூச்சு வாங்கியதில் கத்தக்கூட முடியாமல் அப்படியே நாற்காலியில் விழுந்தாள்.

குண்டூசி விழுந்தால் கேட்கும் நிசப்தம். அதிகாரி உள்ளே போய் அளந்தார், திருப்தியாகத் தலையசைத்தார், கையெழுத்துப் போட்டார்.

அவர் கிளம்பியதும் தன் அறையிலிருந்து வந்த டாக்டர் மூட்டையைப் பார்த்து வெளுத்துப்போனார். "என்ன பண்ணி வெச்சிருக்கே? இனிமே நான் எந்த முகத்தோட வீட்டுக்குப் போவேன்?"

"உடைச்சேன்! உடைச்சதாலதான் சத்தம் நின்னுது. நின்னதாலதான் கையெழுத்துக் கிடைச்சுது. உங்க மச்சான் கலையா, உங்க ஆஸ்பத்திரியா? நீங்களே சொல்லுங்க!"

டாக்டர் கையெழுத்தைப் பார்த்தார். மூட்டையைப் பார்த்தார். "சரி... வேற வழியில்லாமத்தான் நீ செஞ்சேன்னு சொல்லிச் சமாளிக்கறேன்" என்று முனகினார். பட்டாசு அக்கா வெற்றிப் பார்வை பார்த்தாள்.

அப்போது சைக்கிள் கடைக்காரர் கையில் ஸ்பேனரோடு வாசலில் வந்து நின்றார்.

"கயிறை எடுத்துக்கட்டுமா அக்கா? பிளக்கை நான் கட்டும்போதே பிடுங்கிட்டேன், அதைத்தான் சொல்ல வந்தேன், நீங்க விடல... அப்புறம் உங்க கத்தல் தாங்காமத்தான் சுவத்துக்கு அந்தப் பக்கம் என் கடையிலேருந்து இந்தக் குழாயைத் தட்டிக்கிட்டே இருந்தேன்."