அத்தானின் காருக்கு ஊற்றிய நல்லெண்ணெய்

முழுசாகத் தெரிந்தவன் யோசிப்பான், ஒன்றுமே தெரியாதவன் ஒதுங்கிக்கொள்வான். அரைகுறைக்குத்தான் கை சும்மா இருக்காது. இருபத்துமூன்று வயதில், கார் விஷயத்தில் நான் அந்த அரைகுறையில் முதல் வகுப்பு.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்ததும் சீமைக்குக் கிளம்பிய ஒரு துரையிடம் அக்காவின் கணவர் கார் வாங்கினார். ஆட்டோமேட்டிக் கியர். எங்கள் ஊர் காஜா பெராங் முழுக்கத் தேடினாலும் இன்னொன்று கிடையாது. அத்தானுக்கு இடது கால் சிறுவயதிலேயே சூம்பிவிட்டது, கிளட்ச் மிதிக்க முடியாது. கிளட்சே இல்லாத இந்தக் காரில்தான் அவர் யார் தயவும் இல்லாமல் வேலைக்குப் போய்வர ஆரம்பித்தார்.

அதைத்தான் நான் இரவல் கேட்டேன். (வெட்கம் இருந்ததா என்று கேட்காதீர்கள்.) அன்றாடம் ஓட்டும் காரையே பழைய விமான ஓடுதளத்துக்குக் கொண்டுவந்து ஞாயிற்றுக்கிழமை பந்தயமாக விரட்டிப் பார்க்கலாம் என்று ஊரில் சிலர் ஏற்பாடு செய்திருந்தார்கள். அத்தான் சாவியை எடுத்து நீட்டினார்.

“கொண்டு போ லா தம்பி. ஆனா எனக்கு அதான் காலு, பாத்துக்க.”

ஒரு வாரம் லீவு போட்டுக் காரைத் தயார் செய்தேன். கனம் குறைய வேண்டுமென்று பின் சீட்டைக் கழற்றிக் கூடத்தில் போட்டேன். வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் அதில் உட்கார்ந்துதான் காப்பி குடித்தார்கள். கதவில் எண் ஒட்ட அக்கா மைதா பசை காய்ச்சிக் கொடுத்தாள். ஒர்க்‌ஷாப் சீனர் ஆ செங் மட்டும் பயமுறுத்தினார். விரட்டினால் இந்தக் கியர்பெட்டி சூடேறிவிடும், புது எண்ணெய் மாற்றியாக வேண்டும், அது சிங்கப்பூரிலிருந்து வர பத்து நாள் ஆகும் என்றார். எனக்கு இருந்ததோ ஒரே நாள்.

சூடு என்றதும் என் மூளை வேலை செய்துவிட்டது. உடம்புச் சூட்டுக்கு நாம் என்ன செய்கிறோம்? ஜாலான் பெண்டஹாரா கடைத்தெருவுக்குப் போய் இரண்டு டின் செக்கு நல்லெண்ணெய் வாங்கி வந்து, பழைய எண்ணெயை வடித்துவிட்டு, கியர்பெட்டிக்கு என் கையாலேயே ஊற்றினேன். அன்றைக்குச் சனிக்கிழமை வேறு.

ஞாயிறு, முதல் சுற்று நன்றாகத்தான் போனது. இரண்டாவதில் வடை சுடும் வாசம் வந்தது. வேடிக்கை பார்த்த கூட்டம் பலகாரக் கடையைத் தேடியதை என் கண்ணால் பார்த்தேன். மூன்றாவதில் புகை. இன்ஜின் அலறியது, கார் நகரவில்லை. லீவரை எல்லாப் பக்கமும் தள்ளிப் பார்த்தேன். ரிவர்ஸ் மட்டும் உயிரோடு இருந்தது.

இழுத்துப்போக உதவி கேட்டிருக்கலாம். கேட்டால் என்ன எண்ணெய் என்று கேட்பார்களே! காஜா பெராங் வரைக்கும் ரிவர்ஸிலேயே ஓட்டி வந்தேன். முன்கண்ணாடிக்கு எதிரே தொடர்ந்து வந்த சைக்கிள்கார மலாய்ப் பெரியவர் ஒருவர், என் முகத்தைப் பார்த்தபடியே கொஞ்ச தூரம் வந்து, உடம்பு சரியில்லையா என்று மலாயில் அன்பாக விசாரித்தார். அழுகை வந்துவிட்டது.

வாசலில் அத்தான் நின்றிருந்தார். காரின் பின்பக்கம் முதலில் வீடு வந்து சேர்ந்ததைப் பார்த்தார். மூக்கை உறிஞ்சினார். என்ன ஊற்றினேன் என்று கேட்டார். சொன்னேன்.

“சீயக்காயும் போட்டியா?” என்றார், சிரிக்காமல். பிறகு உள்ளே போய் அந்தப் பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டார்.

புதுக் கியர்பெட்டி கப்பலில் வர ஐந்து மாதம் ஆனது. அதுவரை தினமும் காலையில் அவரை என் சைக்கிள் கேரியரில் வைத்து மிதித்துக் கொண்டுபோய் வேலையில் விட்டேன். ஒரு வார்த்தை திட்டவில்லை. மேட்டில் எனக்கு மூச்சு வாங்கினால் மட்டும், “நான் வேணா எறங்கி நடக்கட்டா தம்பி?” என்பார். அதற்குப் பதில் அவர் நாலு அறை விட்டிருக்கலாம்.

மூன்று வருடம் கழித்து என் கல்யாணம். அக்கினியை வலம் வர நான் எழுந்ததும், பந்தலே கேட்கும்படி அத்தான், “தம்பி, முன்னால நட” என்றார். சிரிப்பு அடங்க ஐயர் காத்திருக்க வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யார் மணவறை சுற்ற எழுந்தாலும் யாராவது ஒருவர் அதைச் சொல்லியாக வேண்டும். போன மாதம் பேரன் கல்யாணத்திலும் சொன்னார்கள், எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் மனசுக்குள் அந்த மேட்டில் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தேன்.