மாப்பிள்ளை பவுச்சில் ஐந்து பெண்கள்

கூச்சப்படுகிறவன் யாரிடமும் எதையும் கேட்க மாட்டான். கேட்காததால் பதிலையும் அவனே தயாரித்துக்கொள்ள வேண்டியிருக்கும். அதனால்தான் உலகத்தில் அதிகமாகச் சந்தேகப்படுகிறவர்கள் எங்களைப் போன்ற கூச்சக்காரர்களாக இருக்கிறார்கள். பால்காரர் சிரித்தால் தண்ணீர் கலந்துவிட்டார் என்று நினைப்பேன். சிரிக்காவிட்டால் நிறையக் கலந்துவிட்டார் என்று நினைப்பேன்.

தாராவியில் தோல் பர்ஸ் தைக்கும் கார்கானாவில் எனக்கு வேலை. படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. என் மகள் செல்விக்குக் கோபர்கைரனேயில் ஒரு மாப்பிள்ளை அமைந்தார். பெயர் முத்துக்குமார், கம்ப்யூட்டர் ஆபீஸில் வேலை. நிச்சயம் முடிந்தது. கல்யாணம் வரைக்கும் இரண்டு பேரும் சந்திக்கக் கூடாது என்று சட்டம் போட்டேன். (நான் மனைவியின் காதில் சொன்னேன். உரக்க அறிவித்தது அவள்தான்.)

ஒருநாள் மாப்பிள்ளை கார்கானாவுக்கே வந்துவிட்டார். கையில் ஒரு தோல் பவுச்.

"மாமா, இதுல ஜிப்பு போயிட்டு. கொஞ்சம் பாத்துத் தாரியளா?"

மாப்பிள்ளை முதல்முதலாகக் கேட்ட உதவி. சந்தோஷமாக வாங்கி வைத்தேன். அவர் போனபின் தைப்பதற்காக உள்பக்கத்தைத் திருப்பினேன். சில அட்டைகள் விழுந்தன. எடுத்துப் பார்த்தால் ஐந்து அட்டையிலும் ஐந்து பெண்கள்.

எங்கள் ஆட்கள் வரன் பார்க்கும்போது பெண்ணின் போட்டோவைக் கையில்தான் கொடுப்பார்கள். வாட்ஸ்அப் வந்தும் எங்கள் சந்தில் அது மாறவில்லை. சம்பந்தம் அமையாவிட்டால் போட்டோவை மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காமல் வைத்துக்கொள்கிறவனுக்கு அதன்பின் யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள். இவர் ஐந்து வீட்டுக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை!

படங்கள் வரைந்தவை போலவும் இருந்தன, போட்டோ போலவும் இருந்தன. அதில் எனக்குச் சந்தேகம் வரவில்லை. எங்கள் ஸ்டூடியோக்காரர் எடுத்த படத்தில் செல்வியே வரைந்த மாதிரிதான் இருந்தாள். அட்டையில் ஒருத்தி தோளில் வில் வைத்திருந்தாள். விளையாட்டு கோட்டாவில் ரயில்வே வேலை கிடைத்திருக்கும் என்று முடிவு செய்தேன். இன்னொருத்திக்குக் காது இரண்டும் கூர்மையாக நீண்டிருந்தன. பாவம், இதனால்தான் தட்டிப் போயிருக்கிறது. பின்பக்கம் ஏதோ இங்கிலீஷும், பக்கத்தில் 16, 9, 14 என்று எண்களும் இருந்தன. ஜோசியர் போட்ட பொருத்தக் கணக்கு! இருப்பதே பத்துப் பொருத்தம், அதில் பதினாறு பொருந்தியும் ஏன் வேண்டாம் என்றார்கள்? அதிலும் ஏதோ இருக்கிறது.

மனைவியிடம் விஷயத்தை மட்டும் சொன்னேன். படங்களைக் காட்டவில்லை. (அடுத்தவர் வீட்டுப் பெண்கள் அல்லவா?)

"போன் போட்டுக் கேளுங்களேன்," என்றாள்.

"எப்படிக் கேக்க?"

"வாயாலதான்."

போன் போட்டேன். பவுச்சை எங்கே கொண்டுவந்து தர என்று மட்டும் கேட்க முடிந்தது.

"ஞாயித்துக்கெழம திலக் நகர்ல ஃப்ரெண்டு வீட்ல இருப்பேன் மாமா. நாங்க கொஞ்ச பேரு சேந்து விளையாடுவோம்."

இருபத்தெட்டு வயதில் வீட்டுக்குள் உட்கார்ந்து என்ன விளையாட்டு?

ஞாயிறு மத்தியானம் போனேன். கதவு ஒருக்களித்திருந்தது. வாசலில் ஆண் செருப்புகளோடு பெண் செருப்புகளும் கிடந்தன. காலிங்பெல்லை அழுத்தக் கூச்சமாக இருந்ததால் அப்படியே நின்றேன். உள்ளே பகடை உருளும் சத்தம். சூதாட்டம் வேறா!

மாப்பிள்ளையின் குரல் கேட்டது. "என் ஆளுங்க எல்லாம் பவுச்சுல மாட்டிக்கிட்டாளுவ. பவுச்சு மாமாட்ட இருக்கு."

"வில்லுக்காரிய இனிமே எடுக்காத, வோ தோ மர் கயீ," என்றது இன்னொரு ஆண் குரல். அவள்தான் செத்துவிட்டாளே என்று அர்த்தம்.

"புதைச்சோமா?"

"இல்ல, ஆத்துல போட்டோம்."

அந்த நேரத்தில் ஒரு பெண் குரல் மிக அக்கறையாகக் கேட்டது. "போடுததுக்கு முன்னால நகையக் கழட்டியாச்சுல்லா?"

அது மாட்டுங்காவில் தோழி வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வந்த என் மகள் செல்வி.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். அட்டைகளை மேஜைமேல் வீசினேன். அதுவரை என் குரல் இத்தனை பெரிது என்று எனக்கே தெரியாது.

"இந்த அஞ்சு வீட்டுப் போட்டோவையும் மொதல்ல திருப்பிக் குடுங்க! இந்தச் சம்பந்தமே எங்களுக்கு வேண்டாம்! செல்வி, எந்திரிளா!"

செல்வியின் முகம் வெளுத்துவிட்டது. அவள் முன்னால் ஓர் அட்டை நின்றுகொண்டிருந்தது. அதில் பெரிய மீசை வைத்த ஒரு தடியன் கோடரியோடு முறைத்தான்.

"யப்பா," என்றாள் மெதுவாக, "இந்த மீசக்காரன்தான் நான்."

பிறகு அவள்தான் விளக்கினாள். எல்லோரும் சேர்ந்து ஒரு கதை நடத்துகிறார்கள். கதையில் ஆளுக்கு ஒரு வேஷம். யார் யாரோடு பேசுகிறோம் என்று தெரிவதற்காக அந்த முகத்தை அட்டையில் வைத்துக்கொள்கிறார்கள். பின்னால் உள்ள எண்கள் பலமும் புத்தியும். நினைத்தது நடக்குமா என்று பகடை சொல்லும். கதை சொல்கிறவர் மாப்பிள்ளை என்பதால் கதையில் வரும் ஊர் ஜனங்கள் அத்தனை பேரும் அவர் பொறுப்பு.

"அப்ப ஆம்பளைங்க?" என்றேன். (சந்தேகம் லேசில் விடாது.)

"அது வேற பவுச்சு மாமா," என்றார் மாப்பிள்ளை. அது ஏன் தனியாக என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அவர் அட்டைகளைப் பொறுக்கி அடுக்கினார். சிரிக்கிறாரா, கோபமா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. "மாமா, சம்பந்தம் வேண்டாம்னு சொன்னியளே, அது எனக்கா, இந்த அஞ்சு பேருக்கா?"

செல்வி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் நிறைந்திருந்தது. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. பவுச்சை எடுத்து நீட்டினேன்.

"ஜிப்பு இப்ப நல்லா ஓடுது," என்றேன். "இழுத்துப் பாருங்க."

அவர் இழுத்துப் பார்த்தார். திரும்பவும் இழுத்துப் பார்த்தார். "ஏ-ஒன்னா ஓடுது மாமா. உக்காருங்க, சாயா குடிங்க," என்றார். அதற்குப் பிறகுதான் செல்வி சிரித்தாள். கூடவே எல்லோரும் சிரித்தார்கள். நான் சாயா டம்ளருக்குள் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மறுவீட்டுக்கு வந்தபோது மாப்பிள்ளை எனக்கு ஓர் அட்டையைக் காட்டினார். கோட்டை வாசலில் ஈட்டி பிடித்து, ஒரு கண்ணைச் சுருக்கி முறைக்கும் காவல்காரன். முகம் என்னுடையது. செல்வி வரைந்திருந்தாள். கதையில் யார் வந்தாலும் நம்பாமல் துருவித் துருவிக் கேட்பானாம். (நேரில் ஒரு வார்த்தை கேட்கத் தெரியாதவனுக்கு இப்படி ஒரு உத்தியோகம்!)

இப்போது ஞாயிறு சாயங்காலம் அவர்கள் விளையாட்டு முடிந்ததும் என் மனைவி மகளுக்குப் போன் போடுகிறாள். எப்படி இருக்கிறாய், சாப்பிட்டாயா என்றெல்லாம் கேட்பதில்லை.

"ஏட்டி, ஒங்கப்பா இந்த வாரம் உசுரோட இருக்காவளா?" என்றுதான் ஆரம்பிக்கிறாள்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து தோலை வெட்டுவதுபோல் பாவனை செய்துகொண்டு, பதிலுக்குக் காதைத் தீட்டுகிறேன்.