வாய் திறக்காத மாணவி

"சோதனைக்கூடம் சாயங்காலமும் திறந்திருக்குமா சார்?"

கேட்டது அம்மா. வெண்டல் பதிலை மகளைப் பார்த்துச் சொன்னார். மகளோ கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்ம்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் மாணவர் சேர்க்கை ஆலோசகராக வெண்டல் பல காலம் குப்பை கொட்டியவர். ஒஹாயோவில் சோளக்காட்டை ஒட்டி இருக்கிற சின்னப் பல்கலைக்கழகம். பிள்ளைகள் தாமாக வந்து விழுகிற இடமில்லை. நர்சிங் வகுப்பு நடக்க இன்னும் ஒரே ஒரு ஆள் தேவை.

"இன்னிக்குள்ள ஆள் சேரலைன்னா வகுப்பையும் மூடிடுவாங்க, உன் மேஜையையும் தூக்கிடுவாங்க" என்று காலையில்தான் மேலதிகாரி சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அந்த நேரத்தில் முன்பதிவுகூட இல்லாமல் இந்த இரண்டு பேரும் வந்து நின்றால் எப்படி இருக்கும்? வெண்டல் எழுந்து கட்டிப்பிடிக்காததுதான் குறை.

"நர்சிங்னா உயிர் சார். ரொம்ப நாள் ஆசை" என்றாள் அம்மா. பெயர் லோரெட்டா.

ஆசை யாருடையது என்பது வெண்டலுக்கு உடனே விளங்கிவிட்டது. இப்படிப்பட்ட அம்மாக்களை அவர் நிறையப் பார்த்தவர். அவருடைய தொழில் ரகசியம் ஒன்றே ஒன்றுதான்: பிள்ளையைப் பேச விட வேண்டும். பிள்ளை தன் வாயால் சரி என்றால்தான் சேரும். அம்மா மட்டும் சரி என்றால் வீடு போய்ச் சேருவதற்குள் மனசு மாறிவிடும்.

"பிடிச்ச பாடம் எது?" என்று மகள் பக்கம் குனிந்து கேட்டார்.

"உயிரியல் சார்!" என்றாள் லோரெட்டா. "கணக்குன்னாதான் கை நடுங்கும். தனியா உக்கார வச்சுச் சொல்லிக் குடுப்பீங்களா?"

வெண்டல் இழுப்பறையிலிருந்து பல்கலைக்கழகத்தின் பச்சைத் தொப்பியை எடுத்து மகள் முன்னால் வைத்தார். லோரெட்டா அதை எடுத்துத் தன் தலையில் மாட்டிக்கொண்டாள்.

"எப்படிடி இருக்கு, டெலியா?"

"சூப்பரா இருக்கும்மா."

இது ஆகாது என்று வெண்டல் ஆஸ்கரைக் கூப்பிட்டார். மூன்றாம் ஆண்டு மாணவன் ஆஸ்கர். வருகிறவர்களின் முகத்தைப் பார்த்துப் பேசியபடியே பின்பக்கமாக நடந்து, எதிலும் முட்டிக்கொள்ளாமல் வளாகத்தைச் சுற்றிக் காட்டுவதில் கெட்டிக்காரன்.

"இவங்களைக் கூட்டிட்டுப் போய் எல்லாத்தையும் காட்டு. மெதுவாவே வா."

"நீ வரலையாடி?"

"நீ போயிட்டு வாம்மா. நான் எதுக்கு?"

கதவு மூடியது. வெண்டல் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இப்ப மனசு விட்டுப் பேசு."

"சார், நான் வந்து..."

"தெரியும்மா. உனக்கு இங்க சேர இஷ்டமே இல்ல."

"எனக்கு இல்ல சார். அம்மாவுக்குத்தான்..."

"அதேதான்!" வெண்டல் மேஜையைத் தட்டினார். "எத்தனை பேரைப் பாத்திருக்கேன்! சொல்லு, சொல்லு."

"எனக்கு வேலைக்கு நேரமாச்சு சார்."

"வேலை எங்க ஓடியா போகுது? இந்த வயசுல பர்கர் மடிச்சுக் குடுத்துக்கிட்டே இருந்தா எப்ப முன்னுக்கு வருவ?"

"பர்கரா?"

"விடுதியில கடைசி அறையா பாத்துத் தரேன். உங்கம்மா நெனச்ச நேரத்துல வந்து நிக்க முடியாது. வந்தா வாசல்லயே தடுத்துடுவேன். போதுமா?"

டெலியா சிரிப்பை அடக்க முடியாமல் கோட்டுக் காலருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பிள்ளை அழுகிறது என்று நினைத்த வெண்டல், டிஷ்யூ பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினார். அவருக்கே கண் கலங்கிவிட்டது.

"சார், ஒரு நிமிஷம் நான் சொல்றதக் கேளுங்க..."

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். வராங்க. நான் பாத்துக்கறேன்."

லோரெட்டா மூச்சு வாங்க உள்ளே வந்தாள். தொப்பி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"எலும்புக்கூட்டைத் தொட்டுப் பாத்தேன்டி! கேன்டீன்ல மக்ரோனிகூட நல்லாத்தான் இருக்கு. சார், முடிவு பண்ணியாச்சு. கையெழுத்து எங்க போடணும்?"

வெண்டல் விண்ணப்பத்தைச் சட்டென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டார். வாழ்க்கையில் அவர் இத்தனை தைரியமாக எதையும் செய்ததில்லை.

"மன்னிக்கணும் மேடம். இது சின்னப் பசங்க இடம். நீங்க உங்க காலத்தை வாழ்ந்து முடிச்சாச்சு. இந்த வயசுல வகுப்பு, விடுதி, சோதனைக்கூடம்னு நீங்க வந்து நின்னா நல்லாவா இருக்கும்? பசங்க சிரிக்க மாட்டாங்க? பேசாம வீட்டுக்குப் போங்க. தோட்டம் போடுங்க."

"அம்மா, அவர்..." என்று டெலியா எழுந்தாள். வெண்டல் கையமர்த்தினார்.

லோரெட்டா தொப்பியைக் கழற்றி, சுருக்கத்தை நீவிவிட்டு, மேஜைமேல் வைத்தாள்.

"நீங்க சொல்றது சரிதான் சார். நானே முன்னாடி யோசிச்சிருக்கணும். டெலியா, நான் கார்ல இருக்கேன்."

பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் வகுப்பும் பிழைத்தது, தன் மேஜையும் பிழைத்தது, ஒரு பெண்ணின் வாழ்க்கையும் பிழைத்தது என்று வெண்டல் நிமிர்ந்து உட்கார்ந்தார். விண்ணப்பத்தைத் திருப்பி வைத்துப் பேனாவை நீட்டினார்.

"ம், இனிமே உனக்குத் தடையே இல்ல. தைரியமாப் போடு."

டெலியா பேனாவை வாங்கி அவர் சட்டைப்பையிலேயே செருகினாள்.

"இதை எடுத்துக்கிட்டு எங்கம்மா பின்னாடி ஓடுங்க சார், நான் கார் ஓட்ட வந்தவ, எனக்குக் காலேஜ் முடிஞ்சே ரெண்டு வருஷம் ஆகுது."