பள்ளத்தில் விழுந்த முதல் புள்ளி

ஒரு காட்டில் சிங்கம் ராஜாவாக இருந்தது. நம் கதை அதற்குப் பக்கத்துக் காட்டில் நடக்கிறது. அங்கே ராஜா கிடையாது, கமிட்டி உண்டு.

அந்தக் காட்டின் நடுவே ஓர் ஆறு. மழைக்காலத்தில் அது யாரையும் கேட்காமல் வரும். ஆகவே விலங்குகள் கூடி, தங்களுக்கென்று ஒரு வயர்லெஸ் அமைத்துக்கொண்டன. மேட்டில் நின்ற வேங்கை மரத்தின் உச்சியில் ஆன்டெனா. வீட்டுக்கு ஒரு சிறு பெட்டி. வெள்ளம் வந்தால் மேட்டிலிருந்து சேதி போகும், பெட்டி கத்தும், எல்லோரும் பிழைத்துக்கொள்ளலாம்.

சிக்னல் எங்கெங்கே எட்டுகிறது என்று சோதிக்க ஒரு ஜிபிஎஸ் கருவி வந்தது. அதைக் கட்டிக்கொண்டு நடந்தால், 'இங்கே இருக்கிறேன்' என்று நிமிஷத்துக்கு ஒருமுறை அது கூப்பிடும். ஆன்டெனாவுக்குக் கேட்டால், மரப்பட்டையில் வரைந்த மேப்பில் மரங்கொத்தி அந்த இடத்தில் ஒரு புள்ளி கொத்தும். கேட்காவிட்டால் கொத்தாது.

கருவியைப் பருந்து கட்டிக்கொண்டது. ஒரே மத்தியானத்தில் காடு முழுவதையும் பறந்து முடித்தது. மேப் நிறையப் புள்ளிகள்.

"எங்களுக்குக் கேட்கவில்லை என்று ஓர் இடத்திலிருந்துகூடச் சேதி வரவில்லை" என்று கமிட்டித் தலைவரான கருமந்தி அறிக்கை படித்தது. கைதட்டினார்கள்.

கடைசி வரிசையில் ஒரு சருகுமான் எழுந்து நின்றது. முயலளவு உயரம்தான் என்பதால், எழுந்தும் உட்கார்ந்த மாதிரியே தெரிந்தது. அதன் வீடு ஓடைப்பள்ளத்தில். வீட்டில் பிறந்து பத்து நாளான குட்டி.

"தலைவரே, எங்க பள்ளத்துல பெட்டி ஒருநாளும் கத்தினதில்லை. பள்ளத்து வாயில இன்னொரு ஆன்டெனா வைக்கணும்."

"மேப்பைப் பாரும்மா. உன் பள்ளத்துல மட்டும் பதினாலு புள்ளி."

"அது பருந்தண்ணன் மேலே பறந்தப்போ விழுந்தது. நாங்க கீழே இருக்கோம்."

"மேப்புல மேலே கீழேன்னு எல்லாம் கிடையாது" என்றது கருமந்தி. "எல்லாரும் சமம்."

"நான் பொய்யா பறந்தேன்னு சொல்றியா?" என்றது பருந்து.

கமிட்டி நியாயமானது. கருவியைச் சருகுமானின் கழுத்தில் கட்டி, ஒரு வாரம் தவணை கொடுத்தது. மான் பள்ளத்தைவிட்டு நகரவில்லை. கருவி நிமிஷத்துக்கு ஒருமுறை கூப்பிட்டது. தவளைகள் மட்டும் பதில் சொல்லின.

எட்டாம் நாள் கூட்டம்.

"ஒரு புள்ளிகூடக் காணோமே. ஒரு வாரமா எங்கேம்மா போயிருந்தே?"

"பள்ளத்துலதான் இருந்தேன்."

"பள்ளத்துல சிக்னல் இருக்கு. நீ இருந்திருந்தா புள்ளி விழுந்திருக்கும். விழலை. அப்போ நீ அங்கே இல்லை."

"என் வீட்டுல நான் இல்லாம வேற யாரு இருந்தா?"

"அதைத்தான் நாங்களும் கேக்கறோம்" என்றது பருந்து.

புள்ளி விழும்வரை கருவி கழுத்திலேயே இருக்கட்டும், விழுந்த பிறகு ஆன்டெனாவைப் பற்றிப் பேசலாம் என்று தீர்மானம் ஆயிற்று. விழுந்துவிட்டால் ஆன்டெனா எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஐப்பசியில் ஆறு வந்தது. 'வெள்ளம். உடனே மேட்டுக்கு வரவும்' என்று சேதி போயிற்று. மேட்டிலிருந்த பெட்டிகளெல்லாம் கத்தின. மேட்டிலிருந்தவர்கள் பத்திரமாக மேட்டிலேயே இருந்தார்கள்.

பள்ளத்தில் பெட்டி சும்மா கிடந்தது. தண்ணீரே வந்து சேதி சொன்னது. சருகுமான் கருவியைக் கழற்றிக் குட்டியின் கழுத்தில் மாட்டியது. மிதந்து வந்த ஒரு கட்டையில் குட்டியை முட்டி ஏற்றியது. கட்டையில் இரண்டு பேருக்கு இடமில்லை.

தண்ணீர் ஏற ஏறக் கட்டையும் ஏறியது. அது பள்ளத்தின் விளிம்பைத் தொட்டதும், மேட்டில் மரங்கொத்தி 'டக்' என்று கொத்தியது.

"விழுந்துடுச்சு! பள்ளத்துல புள்ளி விழுந்துடுச்சு!" கருமந்தி கிளைக்குக் கிளை குதித்தது.

"நான் அன்னிக்கே சொன்னேன்" என்றது பருந்து.

கட்டை மேட்டில் ஒதுங்கியது. நனைந்த குட்டி இறங்கி நடுங்கிக்கொண்டு நின்றது.

"கண்ணு, அம்மா எங்கே?"

"பள்ளத்துல."

கருமந்தி மேப்பைப் பார்த்தது. அதன் முகம் தெளிந்தது. "அப்போ பயமில்லை. அங்கே நல்ல சிக்னல் ஆச்சே. கூப்பிடுவா."

எல்லோரும் ஆன்டெனாவைப் பார்த்தபடி நின்றார்கள்.

நீதி: பள்ளத்தில் இருப்பவர்கள் பொறுமையாக இருக்க வேண்டும். சிக்னல் கிடைக்கும் உயரத்துக்கு வெள்ளமே அவர்களைத் தூக்கிவிடும்.