தெம்வா முதுகு காட்டி மலையேறினாள்

அன்புத் தம்பி கும்போவுக்கு, சித்திம்பாவிலிருந்து உன் அக்கா சோண்டிவே எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அத்தானும் சௌக்கியம். ஏரியில் உசிப்பா மீன் அள்ள அள்ள வருகிறது, காயவைத்து ஒரு மூட்டை பஸ்ஸில் போடுகிறேன். அங்கே உன் மனைவி மக்கள் எல்லாரும் நலமாக இருக்கக் கடவுள் துணை இருக்கட்டும்.

நிற்க. நீ வாங்கிக் கொடுத்த காருக்குப் பேய் பிடித்து, மலைமேல் தானாகப் பின்னோக்கி ஓடியதாக முசூசு பஸ் ஸ்டாண்டில் பேசிக்கொள்கிறார்கள் என்றும், உடனே சாவியை யாரிடமாவது கொடுத்துவிட வேண்டும் என்றும் எழுதியிருந்தாய். பேயும் இல்லை பிசாசும் இல்லை தம்பி. ஓட்டியது நான்தான். நடந்ததைச் சொல்கிறேன், பதறாமல் படி.

அத்தானின் தங்கை மகள் தெம்வாவுக்கும் மலைமேல் இருக்கிற வெசிக்கும் கல்யாணம் என்று உனக்குத் தெரியும். நீ வராததுதான் குறை. மாப்பிள்ளை வீட்டுச் சபையில்தான் திருமணம், போதகர் அதை முடித்துக்கொண்டு மதியமே வேறொரு ஊருக்குச் சாவு வீட்டுக்குப் போகவேண்டும். முதல்நாள் இரவெல்லாம் மழை. பெண்ணை ஏற்றிப்போக ஏற்பாடு செய்திருந்த லாரி மலையடிவாரத்திலேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டது. அந்த மலைப்பாதையைத்தான் உனக்குத் தெரியுமே, ஒரு வளைவில் வாந்தியெடுத்தால் அடுத்த வளைவில் வாய் கொப்பளிக்கலாம். ஏற்கெனவே வெசியின் சொந்தக்காரர்கள், பெண் வீட்டுக்கு இதில் அரைமனசுதான் என்று முணுமுணுத்துக் கொண்டிருந்தார்கள். நேரத்துக்குப் போகவில்லையென்றால் அதுவே நிஜமாகிவிடும். தெம்வா கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "நடந்தே போறேன் மாமி"ன்னு கிளம்பிட்டா. நான் போய்க் காரை எடுத்து வந்தேன்.

முதல் வளைவு ஏறினேன். இரண்டாவதில் முன்சக்கரம் இரண்டும் நின்ற இடத்திலேயே சுற்றிச் சேற்றை வாரி அடித்ததில், தள்ள இறங்கிய அத்தானின் கோட்டு போச்சு. மூன்று தடவை முயன்றும் ஏறவில்லை. சரி, கீழே போய்த் தொலைவோம் என்று பின்னால் உருட்டிவந்து, அகலமான இடத்தில் வண்டியைத் திருப்ப ரிவர்ஸ் போட்டு மேட்டுப் பக்கம் மிதித்தேன் பார், அதுவரை முரண்டு பிடித்த வண்டி ஆட்டுக்குட்டி மாதிரி மேலே ஏறியது. மறுபடி முன்னால் போட்டேன், வழுக்கியது. பின்னால் போட்டேன், ஏறியது. அத்தானுக்கு விஷயம் புரிந்துவிட்டது. முப்பது வருஷம் பூகோளம் நடத்தியவர் ஆச்சே, அந்த மழையிலும் பாடம் எடுத்தார். "இழுக்கறது முன்சக்கரம். நேரா ஏறினா பாரமெல்லாம் பின்னாடி போயிடுது, முன்னாடி பிடிப்பு இல்ல. திருப்பிப் போட்டா பாரம் முன்சக்கரத்து மேல உக்காருது. இத நான் அப்பவே சொல்லணும்னு நெனச்சேன்."

"நெனச்சதெல்லாம் போதும், மேல நடந்து வழி காட்டுங்க"ன்னேன்.

பின்சீட்டில் பெண்ணுக்குத் துணையாக இருந்த நம் ந்யாகோண்ட்வே அத்தைதான் ஒத்துக்கொள்ளவில்லை. "ஏண்டி, கல்யாணப்பொண்ணு மாப்பிள்ள வீட்டுக்கு முதுகக் காட்டிக்கிட்டா போவா? நம்ம வம்சத்துல உண்டா இது?"

"நம்ம வம்சத்துல காரும்தான் இல்ல அத்தை."

அத்தான் குடையைப் பிடித்துக்கொண்டு, காரைப் பார்த்தபடியே பின்னோக்கி மேலே நடந்தார். "இடது, இடது. உன் இடது இல்லம்மா, என் இடது." வண்டியும் அவரும் ஒரே பக்கம் பார்த்ததால், எங்கள் இரண்டு பேரின் இடதும் ஒன்றாக இருந்தது அந்த மலையில்தான் முதல் தடவை, அதை அவர் நம்பவே இல்லை. ஜப்பான் வண்டி இல்லையா, ரிவர்ஸ் போட்டால் உள்ளுக்குள்ளேயே பீப் பீப் என்று கத்தும். வெளியே நிற்கிறவனுக்குக் கேட்காது, ஓட்டுகிறவளுக்குத்தான் கேட்கும், ஏன் அப்படி வைத்தான் என்று எனக்குத் தெரியாது. கொஞ்ச தூரம் போனதும் அத்தை அந்தப் பீப்புக்குத் தாளம் தட்ட ஆரம்பித்தாள். அப்புறம் பாட்டு. அப்புறம் நானும் பாடினேன்.

தெம்வா மட்டும் பாடவில்லை. முன்கண்ணாடி வழியாகக் கீழே பார்த்துக்கொண்டே இருந்தாள். ஏரி தெரிந்தது, கரையில் வீட்டுத் தகரம் தெரிந்தது, வழக்கப்படி வீட்டோடு நின்றுவிட்ட அவள் அம்மா வாசலில் துணியை ஆட்டிக்கொண்டு நின்றது கடைசிவரை தெரிந்தது. "இப்படிப் போனா அழுகையே வரல மாமி"ன்னா. அத்தை பாட்டை நிறுத்தி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மெதுவா போடி"ன்னு மட்டும் சொன்னாள்.

மேலே என்ன ஆச்சு தெரியுமா. மாப்பிள்ளை வீட்டார் வளைவில் நின்று பார்த்திருக்கிறார்கள். காரின் பின்பக்கம் தெரிகிறது, உள்ளே பெண்ணின் முக்காடு தெரிகிறது. வெசியின் பெரியப்பா, "பொண்ணத் திருப்பிக் கூட்டிட்டுப் போறாங்கடா"ன்னு கத்தியிருக்கிறார். வெசி புது ஷூவோடு சேற்றில் பாய்ந்து துரத்திக்கொண்டு ஓடிவந்தான். போகிற கார் இவ்வளவு சீக்கிரம் கிட்டே வருகிறதே என்று யோசிக்க அவனுக்கு நேரமில்லை. பின்கண்ணாடியில் இரண்டு கையையும் வைத்து, மூச்சிரைக்க, "போகாத தெம்வா"ன்னான். அவள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அரைமனசு என்று அதற்கப்புறம் ஒருத்தர் பேசவில்லை. போதகரும் காத்திருந்தார்.

என் கழுத்துதான் இன்னும் ஒரு பக்கமாகவே நிற்கிறது, அத்தானோடு பேச வசதியாக இல்லை. மற்றபடி மனசு நிறைவாக இருக்கிறது. ஆனாலும் நீ சொன்னது நியாயம். இந்த வயதில் அந்த மலை எனக்கு வேண்டாம். சாவியை ந்யாகோண்ட்வே அத்தையிடம் ஒப்படைத்துவிட்டேன், இனி தொடமாட்டேன். உன் குடும்பத்துக்கு எந்தக் குறையும் வராமல் ஆண்டவர் பார்த்துக்கொள்வார். குழந்தைகளுக்கு என் முத்தம்.

இப்படிக்கு,
உன் அக்கா சோண்டிவே

பின்குறிப்பு: சாவி பற்றி மேலே எழுதியதைப் படிக்காதே. உறையை ஒட்டும்போது மலைமேலிருந்து ஒரு தையல்காரர் காரைக் கேட்டு வந்தார். அவர் மகளுக்கு அடுத்த மாதம் கல்யாணம், மாப்பிள்ளை கீழே ஏரிக்கரையில். தன் வீட்டைப் பார்த்துக்கொண்டேதான் போவேன் என்று அவள் அடம் பிடிக்கிறாளாம். அதாவது மலையை இறங்கும்போதும் ரிவர்ஸ்தான். அத்தை சாவியை என் கையில் திணித்துவிட்டுத் தனக்கும் ஒரு சீட் பிடித்துவிட்டாள். நல்ல பிரேக் பேடாகப் பார்த்து ஒரு செட் சீக்கிரம் அனுப்பு.