மூன்று கை மாறி வந்த ரசம்

உலகத்திலேயே ஒரு தூக்கு ரசத்துக்காகப் பன்னாட்டு வணிக நடைமுறை அத்தனையையும் கடைப்பிடித்த ஒரே மனிதர் எங்கள் காரிடார் சார்தான். யாராவது இதில் என்னோடு பந்தயம் கட்டினால் நான் தயார்.

உஸ்மான் ரோட்டில், பாத்திரக் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் எங்கள் ஆபீஸ். ஈரோட்டு மஞ்சள் கப்பலேறி, வளைகுடாவில் இறங்கி, ரயில் பிடித்து, இன்னொரு கடலைத் தாண்டி, கடைசியில் லாரியில் குளிர்தேசம் போய்ச் சேர நாங்கள்தான் காகிதம் தயார் செய்வோம். இப்படி நாடு விட்டு நாடு போகும் வழிக்கு எங்கள் தொழிலில் காரிடார் என்று பெயர். சார் அந்த வார்த்தையை நாளுக்கு நாற்பது தடவை சொல்வார். அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும்தான் தெரியும்.

வீடு மேற்கு மாம்பலம். நடந்தால் கால் மணி நேரம். ஆனாலும் மதியச் சாப்பாட்டைக் கையோடு கொண்டுவர மாட்டார். அது காரிடாரில் வரும். வியாபாரம் முடித்து ஸ்டேஷன் பக்கம் போகும் கீரைக்கார அம்மா, தூக்கைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொள்வார். இது சாலை மார்க்கம். மாம்பலம் ஸ்டேஷன் படிக்கட்டில் கர்ச்சீப் விற்கும் சேகர் அதை வாங்கி, தண்டவாளத்துக்கு மேலே நடைபாலத்தைக் கடப்பார். இது ரயில் மார்க்கம். அந்தப் பக்கம் ரங்கநாதன் தெருவில் பக்கெட் கடை பாய் வாங்கிக்கொண்டு கூட்டத்தில் நீந்தி வருவார். இது கடல் மார்க்கம். கூடவே ஒரு சீட்டு வரும். மூன்று பேரும் அதில் கையெழுத்துப் போட வேண்டும். கீரைக்கார அம்மாவின் கைநாட்டு மட்டும் எப்போதும் பச்சையாக இருக்கும்.

"காலையிலயே கையில எடுத்துட்டு வந்தா என்ன சார்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நானே எடுத்துட்டு வந்தா அது வெறும் சாப்பாடுப்பா. மூணு பேர் கை மாறி வந்தாதான் வழி. ஆனா சரக்கு ஓடிக்கிட்டே இருக்கணும். ஒரு வாரம் ஓடலைன்னா ஆளுங்க மறந்துடுவாங்க. அப்புறம் அது மேப்புல வெறும் கோடுதான்."

அவரும் ஓட வைத்தார். ஏகாதசிப் பட்டினியன்றுகூடத் தூக்கு வரும். திறந்தால் உள்ளே ஒன்றும் இருக்காது. சீட்டில் 'காலி கண்டெய்னர்' என்று எழுதியிருக்கும். சேகர் ஊருக்குப் போயிருந்த ஒருநாள், மாற்று வழியில் கோடம்பாக்கம் சுற்றிக்கொண்டு ரசம் நாலு மணிக்கு வந்து சேர்ந்தது. சார் முகம் சுளிக்காமல் குடித்துவிட்டு, "டிரான்ஸிட் டைம் கொஞ்சம் கூடிப்போச்சு" என்றார். நாங்கள் முதுகுக்குப் பின்னால் சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பு அடங்கவும் ஒருநாள் வந்தது. ஒரு மஞ்சள் லோடுக்கான ஒரிஜினல் பி.எல். பத்திரம், அதாவது சரக்கை எடுக்க உரிமை தரும் காகிதம், ஒரு மணிக்குக் கூரியரில் போக வேண்டும். அது போய்ச் சேராவிட்டால் சரக்கு இறங்கும் ஊரில் கண்டெய்னரைத் தொடக்கூட விடமாட்டார்கள். பன்னிரண்டு மணிக்கு மேசையைத் துழாவினால் பத்திரத்தைக் காணோம். முந்தின நாள் வாரப் பத்திரிகை படித்தபோது பக்க அடையாளத்துக்கு அதைச் செருகி, அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டேன்.

எதிர் மேசையில் மேனேஜர். போன மாதம்தான் வேறொரு தவறுக்கு என்னிடம் எழுதி வாங்கியிருந்தார். இன்னொன்று என்றால் வேலை போய்விடும். எழுந்து ஓடினாலும் மாட்டிக்கொள்வேன். சார் காதில் மெல்லச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "நம்ம பக்கத்துத் தெருதானே நீ?" என்று மட்டும் கேட்டு, என் மனைவியின் நம்பரை வாங்கிக்கொண்டு வராந்தாவுக்குப் போனார். முதலில் அவளிடம் பேசினார். பிறகு கீரைக்கார அம்மாவிடம். அந்த அம்மாவின் குரல் போனைத் தாண்டி எனக்கே கேட்டது.

"இன்னா சார், ரசத்தோட காயிதமும் கீதா? நனையாம எத்துக்கினு போறேன், நீ கவலப்படாத."

ஒரு மணி. கூரியர் ஆள் வந்து உட்கார்ந்துவிட்டார். "பி.எல். ரெடியா?" என்றார் மேனேஜர். "ரெடி சார்" என்றேன். அப்போது பாய் படியேறி வந்தார்.

"சாப்பாடு சார். இன்னைக்கு வெயிட்டு கொஞ்சம் ஜாஸ்தி."

மேனேஜர் கண்ணில் படாமல் வராந்தாவிலேயே அவரை மறித்து, தூக்குப் பைக்குள் கைவிடப் போனேன். பின்னாலேயே வந்த சார் என் கையைத் தட்டிவிட்டு, "மூணு கையெழுத்தும் இருக்கான்னு பாக்காம எடுக்கக் கூடாது" என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். அந்த அரை நிமிஷத்தில் எனக்கு அரை ஆயுள் போயிற்று. பத்திரம் பத்திரமாக இருந்தது. அதை வைத்திருந்த கவரின் மூலையில் மட்டும் ஒரு சொட்டு ரசம்.

"மஞ்சள் சரக்குதானே" என்றார் சார் மெதுவாக. "சாம்பிள்னு நினைச்சுப்பாங்க."

பத்திரம் போய்ச் சேர்ந்தது. என் வேலையும் தப்பியது. அவர் முதுகுக்குப் பின்னால் சிரித்ததையெல்லாம் நினைத்து அன்று முழுக்க எனக்கு வெட்கமாக இருந்தது.

போன வருஷம் சார் ஓய்வு பெற்றார். மாலை, சால்வை எதிலும் மனம் ஒட்டவில்லை. படியிறங்கும்போது, "திங்கக்கிழமையிலேர்ந்து சரக்கே கிடையாதேப்பா" என்றார். அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. "எனக்கு அனுப்புங்க சார்" என்றேன்.

திங்கட்கிழமை ஒரு மணிக்குப் பாய் படியேறி வந்தார். சீட்டில் அனுப்புநர் சார், பெறுநர் நான், சரக்கு ரசம். அன்றிலிருந்து ஆபீஸ் உள்ள ஒருநாள்கூடத் தவறியதில்லை. நானும் கையெழுத்துப் போட்டு, கடைசிச் சொட்டுவரை குடித்து, தூக்கைக் கழுவித் திருப்பி அனுப்புகிறேன்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே ரசம் ஆகாது. தயவுசெய்து இந்தப் பக்கத்தை மட்டும் யாரும் அவரிடம் காட்டிவிடாதீர்கள்.