அயித்தான் பெயருக்கு நேரே சிவப்பு

உ
கற்பக விநாயகர் துணை

காரைக்குடி

என் அன்புத் தம்பி மீனாட்சிசுந்தரத்துக்கு, உன் கூடப்பிறந்த ஆச்சி சிட்டாள் எழுதுவது. இங்கு எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். சாமி படத்துக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு பொய் எழுத வேண்டாம் என்று அந்த வரியை விட்டுவிட்டேன். நீயும் உன் வீட்டாரும் நலமாக இருக்கப் பிள்ளையாரை வேண்டிக்கொள்கிறேன். உன் கம்பெனிக்காக வேண்டிக்கொள்ளவில்லை. போனில் கூப்பிட்டால் "மீட்டிங்ல இருக்கேன் ஆச்சி" என்கிறாய். வாட்ஸ்அப்பில் எழுதினால் கட்டைவிரலைக் காட்டுகிறாய். அதனால்தான் தாளில் எழுதுகிறேன்.

போன ஆவணியில் நீ வந்தபோது, செக்காலை ரோட்டில் நம் பாத்திரக்கடையைச் சுற்றிப் பார்த்துவிட்டு என் மகன் அழகுவிடம் என்ன சொன்னாய்? "கடையைக் கண்ணால பாத்து நடத்துற காலம் போச்சு மாப்ளே, இனிமே டேட்டாதான் நடத்தும்" என்றாய். சொன்ன கையோடு உன் கம்பெனிப் பையன் கோபிநாத்தையும் ஒரு பெரிய டிவியையும் அனுப்பிவைத்தாய். கல்லாவுக்குப் பின்னால் இருந்த பிள்ளையார் படத்தைக் கழற்றி இட்லிக் கொப்பரை அடுக்குக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டு, அந்த இடத்தில் டிவியை வைத்தார்கள். அதில் கடையில் உள்ள எல்லோருடைய பெயரும் ஓடும். டார்கெட்டை எட்டியவனுக்குப் பச்சை, தொட்டும் தொடாமலும் இருப்பவனுக்கு மஞ்சள், தேறாதவனுக்குச் சிவப்பு. கடைக்கு எது புதிதாக வந்தாலும் சந்தனம் குங்குமம் வைக்கிறவள் நான். டிவிக்கும் நாலு மூலையிலும் வைத்தேன். மறுநாள் காலையில் கடை திறந்த வேலையாள் தங்கச்சாமி, மூலையில் வைத்த குங்குமம் வழிந்து தன் பெயருக்கு நேரே நின்றதைப் பார்த்துவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான். "நேத்து வரைக்கும் பச்சையாத்தான இருந்தேன் ஆச்சி, ராத்திரி வீட்டுல படுத்துக் கெடந்தேன், அதுக்குள்ள என்ன தப்புப் பண்ணுனேன்?" என்று கேட்டான். நான் முந்தானையால் துடைத்துக் காட்டிய பிறகுதான் டீயே குடித்தான். அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம். அதோடு சரி.

பிறகு கோபிநாத் புதிதாக ஒரு கணக்கைக் கொண்டுவந்தான். கடைக்குள் வருகிறவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் வாங்குகிறார்கள் என்று வாசலில் ஒரு கருவி வைத்து எண்ணினான். வாங்காமல் போகிறவர்கள் கூடினால் எல்லோருக்கும் சிவப்பு. நம் ஊர்ப் பெண்கள் ஒரு தூக்குவாளி வாங்க நாலு தடவை வந்து தட்டிப் பார்ப்பார்கள் என்பது உனக்குத் தெரியாததா? மூன்று தடவை சும்மா வந்த கணக்கு, ஒரு தடவை வாங்கிய கணக்கு. கடைப் பையன்கள் யோசித்தார்கள். தங்கச்சாமியை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். "வாங்குவீகளா, இல்ல சும்மா பாக்க வந்தீகளா?" என்று கேட்டுத்தான் உள்ளே விடுவான். சும்மா பார்க்க வந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனார்கள். ஒருநாள் மழை. நாள் முழுக்க ஒரே ஒரு ஆள் வந்து ஒரு டம்ளர் வாங்கிப் போனார். வந்தது ஒருவர், வாங்கியது ஒருவர், நூற்றுக்கு நூறு. அன்றைக்கு டிவி முழுக்க ஒரே பச்சை. கோபிநாத் அதைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பினானாம், நீ கட்டைவிரலைக் காட்டினாயாம்.

எந்த மாதத்துக்கு எவ்வளவு சரக்கு வாங்குவது என்ற திட்டமும் அந்த டிவியே போட்டது. ஆவணியிலிருந்து கார்த்திகை வரைக்கும்தான் நம் விற்பனை அதற்குத் தெரியும். ஐப்பசி, கார்த்திகை முகூர்த்த விற்பனையைப் பார்த்துவிட்டு விற்பனைக் கோட்டை மேலே மேலே இழுத்துக்கொண்டே போய், மார்கழிக்குக் கல்யாணச் சீர் சாமானாக வாங்கிக் குவிக்கச் சொல்லிவிட்டது. "மார்கழியில யாருப்பா கல்யாணம் வைப்பாக?" என்று கோபிநாத்தைக் கேட்டேன். "அது டேட்டாவுல இல்லையே ஆன்ட்டி" என்றான். திருப்பாவை படித்துக் கோலம் போட வேண்டிய மாதத்தில், கடைக்குள் ஆள் நடக்க வழியில்லாமல் குத்துவிளக்காக நின்றது. இதையெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். சாமான் கெட்டுப்போகாது, தையில் போய்விடும்.

பொறுக்க முடியாததை இனிமேல்தான் எழுத வேண்டும்.

என்னைக் கட்டிய உன் அயித்தான் கடையில் பாத்திரம் எடுத்துக் கொடுப்பதில்லை, பில் போடுவதில்லை. வாசல் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து வருகிறவர்களிடம் பேசுவார்கள். நம்மிடம் சாமான் வாங்கிய வீட்டில் யாராவது தவறிவிட்டார்கள் என்று காதில் விழுந்தால், வெள்ளை வேட்டியைக் கட்டிக்கொண்டு காளையார்கோவிலோ சாக்கோட்டையோ பஸ் பிடித்துப் போய், துக்கம் கேட்டு, அவர்களோடு பொழுது சாயும்வரை உட்கார்ந்துவிட்டு வருவார்கள். உன் அயித்தானுக்குத் தெரிந்த வேலை அது. சாயங்காலம் ஆனால் அந்த டிவி எல்லோருடைய போனிலும் "இன்று என்ன செய்தீர்கள்?" என்று கேட்கும். மற்றவர்கள் ஒன்றுக்கு இரண்டாக எழுதுவார்கள். இவர்கள் தினமும் "ஒன்றுமில்லை" என்று எழுதினார்கள். பட்டியலின் கடைசியில் இவர்கள் பெயர், நேரே சிவப்பு. தாமே ஆரம்பித்த கடையில், வருகிறவர் போகிறவர் கண்ணில் படும்படி. காளையார்கோவில்காரர் ஒருவர் அதை அண்ணாந்து பார்த்துவிட்டு, "என்னண்ணே, ஒங்க பேரு மட்டும் செவப்பா எரியுது, ஒடம்புக்கு முடியலையா?" என்று கேட்டாராம். "ஆமா" என்றார்களாம்.

ஒருநாள் நல்ல வெயிலில் ஆட்டோகூட வைக்காமல் நடந்தே வீட்டுக்கு வந்தார்கள். "நாளையிலேர்ந்து போகலை" என்றார்கள். ஏன் என்று கேட்டேன், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டார்கள். அழகுவைக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, "அப்பச்சிக்கு ரெஸ்ட் வேணும் ஆத்தா" என்றான். பெற்ற பிள்ளை, உன் டிவியின் பேச்சைக் கேட்டு, பெற்ற தகப்பனை வீட்டில் உட்காரவைத்துவிட்டான். அவனிடம் நான் சரியாகப் பேசுவதில்லை. சோறு மட்டும் போடுகிறேன்.

இப்போது இவர்கள் காலையில் எழுந்து, குளித்து, திருநீறு பூசி, சட்டை போட்டுக்கொண்டு கூடத்தில் உட்காருகிறார்கள். அவ்வளவுதான். மொச்சை உரிக்கக் கொடுத்தேன். உரித்துத் தோலையும் பருப்பையும் ஒரே கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தார்கள். சாம்பாரில் உப்புக் கொஞ்சம் குறைந்தாலும் தட்டைத் தள்ளுகிற மனிதர். வேண்டுமென்றே ஒருநாள் உப்பே போடாமல் ஊற்றினேன். திட்டட்டும், காது குளிரக் கேட்கலாம் என்றிருந்தேன். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு எழுந்து போய்விட்டார்கள். நான் அடுப்படியில் நின்று அழுதேன். போன செவ்வாய்க்கிழமை சாக்கோட்டை மலையாண்டி அண்ணன் தவறிவிட்டார். தன் பெண்கள் அத்தனை பேருக்கும் நம் கடையில்தான் சீர் எடுத்தவர். இவர்கள் வெள்ளை வேட்டியைக் கட்டிக்கொண்டு கேட் வரைக்கும் போனார்கள். கம்பியைப் பிடித்தபடி நின்றார்கள். திரும்பி வந்து வேட்டியை மாற்றிவிட்டார்கள். "போகலையா?" என்றேன். "நான் எதுக்கு?" என்றார்கள். துக்கத்துக்குப் போகாத உன் அயித்தானை அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்குப் பயமாக இருக்கிறது தம்பி. உயிர் இருக்கிறது, ஆள் இல்லை.

அதனால் இந்தக் கடிதம். எட்டாம் வகுப்போடு நின்று, நானாகவே கற்றுக்கொண்டு வீட்டுக் கணக்கு எழுதுகிறவள் நான். ஒரு எண்ணைக்கூட அடித்துத் திருத்தியதில்லை. அப்படிப்பட்டவள் கேட்கிறேன்: சென்னையில் இருந்தபடியே எதையாவது தட்டி, அவர்கள் பெயருக்கு நேரே பச்சையைப் போட்டுவிடு. பொய்ப் பச்சையாக இருந்தாலும் பரவாயில்லை. பாவம் வந்தால் என் தலையில் வரட்டும். பிள்ளையார்பட்டிக்கு நடந்தே போய் மோதகம் படைப்பதாக வேண்டியிருக்கிறேன். பச்சையைக் காட்டி அவர்களைக் கடைக்குக் கூட்டிப்போய் அந்த நாற்காலியில் உட்காரவைத்துவிடுவேன்.

உன் பெண்டாட்டியைக் கேட்டதாகச் சொல். பிள்ளைகள் தீர்க்காயுசாக இருக்கட்டும். கற்பக விநாயகர் உங்களைக் காப்பாற்றட்டும். எங்களை உங்களிடமிருந்து காப்பாற்றட்டும்.

உன் ஆச்சி,
சிட்டாள்

பி.கு.: கவரை ஒட்டிக் கூரியரில் போடச் சொல்லி அழகுவிடம் கொடுத்தேன். "மாமாவுக்கா? என்ன எழுதுனீக?" என்றான். சொன்னேன். செருப்போடு நடையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"ஆத்தா, அப்பச்சிய வரவேணாம்னு நான் சொல்லுவேனா? அவுகளாத்தான் நின்னுட்டாக. ஒங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாக."

கோபிநாத்துக்கு அந்தச் சிவப்பைப் பார்க்கப் பொறுக்கவில்லையாம். நல்ல பையன். இவர்கள் எந்தெந்த வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போனார்கள் என்று தங்கச்சாமியிடம் விசாரித்து, அந்த வீடுகள் பிறகு நம்மிடம் வாங்கியதைப் பழைய பில் கட்டுகளோடு சேர்த்துப் பார்த்திருக்கிறான். முக்கால்வாசி வீடு அடுத்த கல்யாணத்துக்கு நம் கடைக்குத்தான் வந்திருக்கிறது. கடையில் வேறு யார் கொண்டுவந்ததும் அதில் பாதிகூட இல்லை. துக்க வீட்டு வழியாக வந்த விற்பனை என்று தனியாக ஒரு வரி போட்டு, இவர்கள் பெயரை உச்சியில் ஏற்றிப் பச்சையாக்கி, கையைப் பிடித்துக் கூட்டிவந்து, "சார், நீங்கதான் நம்பர் ஒன்" என்று காட்டினானாம்.

உன் அயித்தான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த வரியைப் படித்தார்களாம். "அழிச்சிரு தம்பி, பழைய செவப்பே இருக்கட்டும்" என்றார்களாம். அப்புறம் அழகுவைப் பார்த்து, "அப்ப நான் அங்கன உக்காந்து அழுததெல்லாம் இதுக்குத்தானாப்பா?" என்று கேட்டார்களாம்.

எழுதியதைக் கிழிக்க மனமில்லாமல் அனுப்புகிறேன். ஆனால் நான் கேட்டதைச் செய்துவிடாதே. பச்சையைப் பார்த்துத்தான் அவர்கள் வீட்டுக்கு நடந்து வந்திருக்கிறார்கள். சிவப்பு அவர்களே கேட்டு வாங்கியது, அப்படியே இருக்கட்டும்.

முடிந்தால் நீ ஒருமுறை வா. லேப்டாப் வேண்டாம். அவர்கள் பக்கத்தில் உட்கார். எதுக்கு வந்தே என்று கேட்பார்கள். சும்மாதான் என்று சொல். நம்ப மாட்டார்கள். நம்புகிற வரைக்கும் உட்கார்ந்திரு.